நோயிலும் உடல்நலத்திலும்
பெருவியாதியும் திருமண வாக்கும்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஜூபிலி என்பது கணக்குப் பார்க்கும் காலம். எத்தனை ஞானஸ்நானங்கள், எத்தனை திருமணங்கள், எத்தனை அடக்கங்கள் என்று பங்கின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். திருமணப் பதிவேட்டில் மணமக்களின் பெயரும், பெற்றோரின் பெயரும், சாட்சிகளின் கையொப்பமும் இருக்கும். அடக்கப் பதிவேட்டில் இறந்த நாளும், கடைசியாகப் பெற்ற திருவருட்சாதனங்களும் இருக்கும். இவ்விரண்டு ஏடுகளுக்கும் இடையே ஒரு கணவனும் மனைவியும் வாழ்ந்த வாழ்க்கையோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நோயுற்ற துணையை எத்தனை இரவுகள் புரட்டிப் படுக்க வைத்தார்கள், எத்தனை முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் பேருந்தில் அழைத்துச் சென்றார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

பீடத்தின் முன் நின்று நாம் கொடுத்த வாக்கில் உடல்நலமும் நோயும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. அன்று மணமாலையின் மணத்தில் அச்சொற்கள் எளிதாக வாயில் வந்துவிடுகின்றன. அவற்றின் கனம் தெரிவது பிறகுதான். அந்த வாக்கு வரலாற்றில் எத்தகைய சோதனைக்கு உட்பட்டது என்பதை அறிய வேண்டுமானால், மனிதர் எல்லா நோய்களையும்விட அதிகமாக அஞ்சிய ஒரு நோயின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் அதைப் பெருவியாதி என்றார்கள். இன்று தொழுநோய் என்கிறோம். கணவனையும் மனைவியையும் இந்நோயைப் போலப் பிரித்த நோய் வேறில்லை.

பாளையத்திற்கு வெளியே

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் சரும நோய்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அங்கே கூறப்படும் நோய்கள் யாவும் இன்று மருத்துவர் தொழுநோய் என்று சொல்லும் நோயே என்று கொள்வதற்கில்லை என்பது வேத அறிஞர் கருத்து. ஆயினும் அப்பெயரைச் சூட்டப்பெற்றவன் பாளையத்திற்கு வெளியே தனித்திருக்க வேண்டும் என்ற விதி, பிற்காலத்தில் கிறிஸ்தவ நாடுகளிலும் நிழலாகத் தொடர்ந்தது. கிறிஸ்துநாதரோ தம்மிடம் வந்த தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார். வார்த்தையால் மட்டுமே குணமாக்கவல்லவர் கையை நீட்டித் தொட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கி.பி. 643-இல் லொம்பார்து மன்னன் ரொத்தாரி வெளியிட்ட சட்டத்தின்படி, தொழுநோயால் வீட்டை விட்டும் ஊரை விட்டும் விலக்கப்பட்டவன் தன் உடைமையை விற்கவோ பிறருக்கு ஈயவோ உரிமை இழந்தான். சட்டத்தின் கண்ணில் அவன் செத்தவனுக்குச் சமானம். செத்தவனுக்கு மனைவி ஏது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 757-இல் பிராங்கு நாட்டில் கொம்பியேன் என்னுமிடத்தில் கூடிய சங்கம், தொழுநோயுற்ற கணவன் விரும்பி அனுமதி கொடுத்தால் நலமுள்ள மனைவி வேறொருவனை மணக்கலாம் என்று இசைந்தது. திருச்சபையின் வரலாற்றில் இப்படியும் ஓர் ஏடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அச்சம் மிகுந்த காலத்தில் நல்லவர்களும் தடுமாறினார்கள்.

பாப்பானவரின் கடிதம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த மயக்கம் தெளிந்தது. 1159 முதல் 1181 வரை ஆட்சி செய்த பாப்பானவர் மூன்றாம் அலெக்சாந்தர், இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழுநோய் கண்டவர்கள் பொது வழக்கப்படி மக்கள் கூட்டத்தினின்று விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே தனியிடங்களுக்கு அனுப்பப்படும்போது, மனைவியர் கணவரைப் பின்தொடர்வதில்லை, கணவரும் மனைவியரைப் பின்தொடர்வதில்லை என்று தமக்குச் செய்தி எட்டியதாக அவர் குறிப்பிட்டார். மணவாழ்வில் ஒரே உடலாக இணைந்தவர் ஒருவரையொருவர் விட்டுப் பிரிந்து நிற்கலாகாது. ஆகவே நலமுள்ளவர் நோயுற்றவரோடு சென்று மணவாழ்வின் அன்போடு பணிவிடை செய்யும்படி அவர்களைத் தூண்ட வேண்டும் என்று பேராயருக்குக் கட்டளையிட்டார். அப்படிச் செல்ல எவ்விதத்திலும் இசையாதவர்களும், துணை உயிரோடிருக்கும் வரை கற்புக் காத்து வாழ வேண்டுமேயன்றி மறுமணம் செய்தல் ஆகாது என்றும் விதித்தார்.

இக்கடிதத்தில் இரண்டு காரியங்கள் நம் மனத்தைத் தொடுகின்றன. முதலாவது, கடமை இருவர்மேலும் ஒன்றாகவே சுமத்தப்படுகிறது. மனைவி கணவனைப் பின்தொடர வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்காலத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். கணவனும் மனைவியைப் பின்தொடர வேண்டும் என்றார் பாப்பானவர். இரண்டாவது, அவர் வெறும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. தூண்டுங்கள், அறிவுரை கூறுங்கள் என்று மேய்ப்பரைக் கேட்டுக்கொண்டார். மனித இதயம் அஞ்சும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே பாப்பானவர் தலைமையில் 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், கூட்டமாக வாழும் தொழுநோயாளருக்குத் தனி ஆலயமும், கல்லறையும், குருவும் இருக்க அனுமதித்தது. 1234-இல் பாப்பானவர் ஒன்பதாம் கிரகோரியார் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் நான்காம் நூலில், தொழுநோயாளரின் திருமணத்தைப் பற்றி ஒரு தனித் தலைப்பே இடம்பெற்றது. அலெக்சாந்தரின் கடிதம் அதில் சேர்ந்தது. அன்று முதல் நோய் மணவுறவை அறுக்காது என்பது ஐயத்துக்கு இடமில்லாத போதனையாயிற்று.

மொலக்காய்த் தீவின் துணைவர்கள்

புனித தமியான் அடிகளாரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் கேட்டிராதவர் இல்லை. பெல்ஜிய நாட்டவரான அவர் 1873-ஆம் ஆண்டு மே மாதம் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மொலக்காய்த் தீவில் இறங்கி, தொழுநோயாளரோடு வாழ்ந்து, தாமும் அந்நோய் கண்டு, 1889 ஏப்ரல் 15-இல் உயிர்நீத்தார். 2009 அக்டோபரில் பாப்பானவர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆனால் தமியானுக்கு முன்னரே அத்தீவில் நலமுள்ள மனிதர் பலர் தாமாக விரும்பி வந்து குடியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹவாய் அரசு 1865-இல் சட்டமியற்றி, 1866 முதல் நோயாளிகளை அங்கே கப்பலேற்றியது. அப்போது சிலருடைய கணவர்களும், மனைவிகளும், உறவினர்களும் உடன் புறப்பட்டார்கள். அந்நாட்டு மொழியில் அவர்களைக் 'கோக்குவா', அதாவது உதவியாளர், என்று அழைத்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மண்ணில் அவர்கள் கிழங்கு பயிரிட்டு, சமைத்து, புண்ணைக் கழுவி, இறந்தவரை அடக்கம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புனிதர் அட்டவணையிலும் இல்லை.

அவ்வழி பின்னர் அடைபட்டது. 1893-இல் கவாய்த் தீவைச் சேர்ந்த கூலாவ் என்பவர், தம் மனைவி பீலானி உடன்வர அனுமதியில்லை என்று அறிந்து, மொலக்காய்க்குச் செல்ல மறுத்தார். மனைவியையும், அதே நோய் கண்ட சிறு மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் ஒளிந்தார். பிடிக்க வந்தோரோடு துப்பாக்கிச் சண்டை மூண்டு உயிர்கள் பலியாயின. அந்த வன்முறையை நாம் புகழ்வதற்கில்லை. ஆனால் மகனும் கணவனும் அடுத்தடுத்து மடியும் வரை அக்காட்டில் உடனிருந்து, இருவரையும் தன் கையாலேயே புதைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த பீலானியின் உறுதியைப் புகழாமல் இருக்க முடியவில்லை. அவளே சொன்ன வரலாறு 1906-இல் அந்நாட்டு மொழியில் நூலாக வெளிவந்தது. அவளுக்கு அந்நோய் தொற்றவில்லை.

நம் தமிழகத்தில்

நம் நாட்டிலோ 1898-இல் ஆங்கில அரசு தொழுநோயாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க அச்சட்டம் வழி செய்தது. 2016-இல்தான் அது முழுமையாக நீக்கப்பட்டது. மிஷன் சங்கங்கள் நடத்திய காப்பகங்களில் சோறும் மருந்தும் பரிவும் கிடைத்தன; அவற்றில் உழைத்தவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதே அக்காலத்தில் பல காப்பகங்களின் ஒழுங்கு. வீட்டில் நலமுள்ள துணை இருந்தால் அவர் வெளியே, நோயாளி உள்ளே. தாலி கழுத்தில் இருக்க, தாலி கட்டியவன் மதிலுக்கு அப்பால் இருந்தான்.

செங்கற்பட்டில் தோன்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையமும், வேலூரை அடுத்த கரிகிரி ஆராய்ச்சி நிலையமும், நமக்குப் பக்கத்திலேயே மானாமதுரை தயாபுரம் மருத்துவமனையும் தமிழகத்தின் பெயரை இத்துறையில் உலகறியச் செய்தன. 1940-களில் சல்போன் வகை மருந்துகள் வந்தபின், நோயாளியை ஆயுள் முழுதும் அடைத்து வைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையைக் கிராமத்து வாசலுக்குக் கொண்டுவந்தது, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பொலம்பாக்கம் என்னும் சிற்றூரில் 1955-இல் தொடங்கிய பெல்ஜிய நாட்டாரின் தொழுநோய் நிலையம். காங்கோ நாட்டில் அனுபவம் பெற்ற டாக்டர் ஹெமரிக்ஸ் அதை நடத்தினார். பெரிய கட்டடம் கட்டி நோயாளியை வரவழைப்பதை அவர் விரும்பவில்லை. மருந்தோடு வண்டி குறித்த நாளில் குறித்த சாலையில் வரும், மரத்தடியே மருத்துவமனை. நோயாளி தன் ஊரிலிருந்து நடந்து வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு மாலையில் தன் வீட்டிற்கே திரும்பினான். அவரோடு உழைத்த டாக்டர் கிளேர் வெல்லட் அம்மையார் இந்தியக் குடியுரிமை பெற்றுப் பல பத்தாண்டுகள் தமிழகத்திலேயே பணியாற்றினார்.

இதை மருத்துவ முன்னேற்றம் என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. மருந்து வீட்டைத் தேடி வந்ததால் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிந்தது. மூன்றாம் அலெக்சாந்தர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கேட்டுக்கொண்டதை, பனைமரங்களுக்கு நடுவே ஒரு மருந்து வண்டி நடைமுறையில் சாத்தியமாக்கியது.

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1983-இல் இந்தியா தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்து உண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்தைத் தொடங்கியதுமே தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடுகிறது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. ஒரே வீட்டில் வாழ்ந்த தம்பதியரிலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது குறைவு. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. எனினும் நோய் அடியோடு மறைந்துவிடவில்லை. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டவரே.

வலியறியாத கை

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கைகால்களில் உணர்ச்சி போய்விடுகிறது. வேலூரிலும் கரிகிரியிலும் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்றும், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் சேரும் சீழுமே விரல்களைத் தின்றுவிடுகின்றன என்றும் கண்டறிந்தார். அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் அவனுக்குச் சுடாது. காலில் முள் தைத்திருந்தாலும் தெரியாமல் வயலில் நடப்பான். இமை மூடாததால் கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தாது. கிருமி செத்த பிறகும் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆகவே குணமானவருக்கும் அன்றாடப் பராமரிப்பு தேவை. மாலையில் கால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, உள்ளங்காலில் சிவப்போ கொப்புளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்ப்பது யார்? வீட்டில் உள்ள துணைதான். கணவனின் காலில் உள்ள காயத்தை அவனுக்கு முன் மனைவி காண்கிறாள். மனைவியின் கை சுடாதபடி சட்டியைக் கணவன் இறக்கிக் கொடுக்கிறான். ஒருவர் உடலில் தோன்ற வேண்டிய வலி மற்றவர் உள்ளத்தில் தோன்றுகிறது. இருவரும் ஒரே உடலாவார்கள் என்ற வேத வாக்கியத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை நமக்குத் தெரியவில்லை.

சட்டம் நடந்த வழி

மருத்துவம் இப்படி முன்னேற, நாட்டுச் சட்டம் வேறு வழியில் நடந்தது. 1939-இல் வந்த முஸ்லிம் மணமுறிவுச் சட்டமும், 1954-இன் தனித் திருமணச் சட்டமும், 1955-இன் இந்துத் திருமணச் சட்டமும் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களில் ஒன்றாக எழுதி வைத்தன. 1973-இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த வழக்கொன்றில், நோயுற்றவர் மனைவி. மணமுறிவு கேட்ட கணவரோ ஒரு மருத்துவர். நீதிமன்றம் மணமுறிவை உறுதி செய்தது. சட்டத்தில் அவ்வாறு இருந்தபடியால் நீதிபதிகள் அவ்வாறு தீர்ப்பளித்தார்கள்.

கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததில்லை. அச்சட்டத்தில் வேறு குறைகள் பல உண்டு. கணவனுக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதி என்று பெண்களுக்குப் பெரும் அநீதி இழைத்தது. அதைத் திருத்த வேண்டுமென்று பல்லாண்டு கோரப்பட்டு, 2001-இல் திருத்தம் வந்தது. ஆணும் பெண்ணும் சமமாக்கப்பட்டனர். நல்ல காரியம். ஆனால் அதே திருத்தத்தில், ஈராண்டுகளாகக் கொடிய, குணமாகாத தொழுநோயால் துன்புறுதல் என்பதும் புதிய காரணமாக நுழைந்துவிட்டது! கூட்டு மருந்து வந்து இருபது ஆண்டுகள் கழிந்து, அந்நோய் குணமாகக் கூடியது என்பது உறுதியான பின்பு, நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் இல்லாத ஒரு விதி கிறிஸ்தவர் சட்டத்தில் எழுதப்பட்டது. அரசுச் சட்டம் அளிக்கும் மணமுறிவு திருவருட்சாதனப் பிணைப்பை அறுக்காது என்பது நம் விசுவாசம். ஆனாலும் சட்டம் எதைக் காரணமென்று ஏற்கிறதோ அதை ஊரும் உறவும் நியாயமென்று ஏற்கும் என்பதை நாம் மறுக்க முடியுமா?

2010-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொழுநோயாளருக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2015-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 256-ஆம் அறிக்கையில் இவ்விதிகளை நீக்கப் பரிந்துரைத்தது. 2019 பிப்ரவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம், கிறிஸ்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகியோருக்குரிய சட்டங்களிலிருந்தும் தனித் திருமணச் சட்டத்திலிருந்தும் தொழுநோய் என்ற காரணத்தை நீக்கிவிட்டது.

நமக்குள்ள பாடம்

ஏட்டிலிருந்து ஒரு வரியை நீக்கப் பாராளுமன்றத்தால் முடிந்தது. உள்ளத்திலிருந்து நீக்குவது நம் பொறுப்பு. பிளவக்கல் அணையின் தண்ணீர் பாயும் நம் சிற்றூர்களில் இன்று தொழுநோயைவிட அதிகமாகக் கேள்விப்படுவன புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, மனநோய் ஆகியவை. நோயின் பெயர் மாறிற்று. பழைய சோதனை மாறவில்லை. மனைவிக்கு நோய் என்றதும் "தாய்வீட்டில் கொண்டுபோய் விடு, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லும் உறவினர் உண்டு. கணவன் படுத்தால் மனைவி பார்க்க வேண்டும், மனைவி படுத்தால் அவளுடைய தாய் பார்க்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்போல் நடக்கிறது. கணவரும் மனைவியரைப் பின்தொடர வேண்டும் என்று எழுதிய பாப்பானவரின் கடிதத்தை இங்கே நம் ஆண்மக்கள் மீண்டும் ஒருமுறை நினைவுகூர வேண்டுகிறோம். மனைவிக்குக் கஞ்சி ஊட்டுவதாலோ, அவள் துணியைத் துவைப்பதாலோ ஓர் ஆண்மகனின் மதிப்பு குறைவதில்லை. அவன் கொடுத்த வாக்கு அது.

அதே வேளையில், யாருடைய தோளிலும் திருச்சபை தாங்கொணாத சுமையை ஏற்றுவதில்லை. உயிருக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து இருக்குமானால் பிரிந்து வாழ நியாயமுண்டு என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஏற்கிறது. நோயைச் சாக்காக வைத்து அடிப்பதையும் வதைப்பதையும் சிலுவை என்று பொறுத்துக்கொள்ளும்படி நாம் யாருக்கும் போதிக்கலாகாது. மேலும், பணிவிடை செய்பவரும் மனிதரே. மாதக்கணக்கில் தூக்கமில்லாதவர் சலித்துக்கொண்டால் அன்பில்லை என்று பழிக்கக் கூடாது. அவர் களைத்திருக்கிறார் என்றே அறிய வேண்டும்.

இங்கேதான் பங்கின் கடமை தொடங்குகிறது. பொலம்பாக்கத்தில் மருந்து வண்டி வாசலுக்கு வந்தது. 2021 ஆகஸ்டு முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், இயன்முறைப் பயிற்சியும், படுக்கையில் உள்ளோருக்கான கவனிப்பும் வீடு தேடி வருகின்றன. அரசு வாசல்வரை வரும்போது அயலார் வராதிருக்கலாமா? நோயாளிக்குத் திவ்விய நற்கருணை கொண்டு செல்லும்போது குருவோடு இருவர் வரட்டும். ஒருவர் ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் இருந்தால், இல்லத்தரசி குளித்து உண்ணலாம், அல்லது வெறுமனே கண்ணயரலாம். மதுரைக்குச் செல்லும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஒருவர் வேண்டும். தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்ச ஒருவர் வேண்டும். வின்சென்ட் தெ பவுல் சபையாரும், மரியாயின் சேனையாரும், அன்பியக் குடும்பங்களும் இதைத் தங்கள் ஜூபிலிக் காணிக்கையாக ஏற்றுக்கொள்வார்களாக.

திருமணத்திற்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்களே, இளம் பெண்களே! உங்களிடம் ஒரு வார்த்தை. மணநாளில் நீங்கள் சொல்லப்போகும் வாக்கை ஒருமுறை தனிமையில் மெதுவாகப் படித்துப் பாருங்கள். பிறகு நம் பங்கில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு துணையைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் ஒரு வீட்டிற்குச் சென்று சற்று நேரம் அமர்ந்து வாருங்கள். நாம் பத்து வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதைவிட அதிகமாக அங்கே கற்பீர்கள்.

தொழுநோயாளியைத் தொட்ட ஆண்டவர், நம் இல்லங்களில் நோயுற்றோரின் கரத்தையும், அவர்களைத் தாங்கும் கரத்தையும் ஒருங்கே பற்றிக் காத்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குத் தந்தை